சத்து ஊசி

ஊசி போடும் முன் வலிக்காது என்று சொல்லாத டாக்டர் ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வார்களே, அந்தப் பேச்சே அவரிடம் கிடையாது. "வலிக்கும். நாளைக்கு உக்காந்தாலும் வலிக்கும்" என்பார். சொல்லிவிட்டுத்தான் பஞ்சைக் கையில் எடுப்பார்.

அது பென்சிலின் ஊசி. அரிசி கழுவிய முதல் தண்ணீர் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். தடித்த ஊசியில் இடுப்புக்குக் கீழே பைய ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பாதியில் அடைத்துக்கொள்ளும், மறுபடியும் குத்த வேண்டி வரும். நர்ஸ்கள் இருந்தும் டாக்டர் அதைத் தன் கையால்தான் போடுவார். நான் அவரிடம் வேலை பார்த்த அத்தனை வருஷமும் வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

நான் அங்கே கவுன்சிலர். வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவது, கணவனையோ மனைவியையோ கூட்டி வரச் சொல்வது, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது என் வேலை. ஊரைச் சொன்னால் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வராந்தாவின் கடைசியில் எங்கள் அறை. வாசலில் 'பால்வினை நோய்ப் பிரிவு' என்று பலகை தொங்கும். அந்த அறைக்கு யாரும் வழி கேட்க மாட்டார்கள். கண் பிரிவுக்கு வந்தவர்கள் மாதிரி அங்குமிங்கும் நடந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைவார்கள்.

டாக்டரம்மாவுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. உடன்குடிப் பக்கத்துக்காரர். குட்டையான உருவம், கரகரத்த குரல். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவரைத் தன் எதிரே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கதை கேட்பார். எந்த ஊர், என்ன பயிர், கால்வாயில் தண்ணீர் வந்ததா, வீட்டில் யார் யார். முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. நோயாளியிடம் இத்தனை கடுமையாகப் பேசுகிறவர் ஊசிக்குப் பிறகு மட்டும் ஏன் இப்படிக் குழைகிறார் என்று. ஒருநாள் கேட்டேன்.

"கதை கேக்கேன்னா நெனச்ச? குரலக் கேக்கேன். பென்சிலின் சில பேருக்கு ஒத்துக்காது. தொண்டை வீங்குச்சுன்னா மொதல்ல குரல்தான் மாறும்" என்றார்.

அவர் மேஜை ஓரத்தில் ஒரு தட்டில், அப்படி ஏதாவது ஆனால் உடனே போட வேண்டிய மாற்று ஊசி மருந்து ஏற்றித் தயாராக இருக்கும். ஆண்டுகளுக்கு முன் வேறெங்கோ பயிற்சியில் இருந்தபோது ஒரு பெண் பென்சிலினால் அவர் கண் முன்னே விழுந்து இறந்திருக்கிறாள். அதைப் பார்த்த மற்ற டாக்டர்கள் அந்த ஊசியையே விட்டுவிட்டார்களாம். இவர் விடவில்லை. பக்கத்தில் உட்காரப் பழகிக்கொண்டார்.

டவுணில் ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி வந்தார். மேகநோய், அதாவது சிபிலிஸ். ரத்தத்தில் நன்றாகவே தெரிந்தது. ஊசி என்றதும் முகம் மாறிவிட்டது.

"மாத்திர குடுங்க டாக்டர். போன மாசம் ஒரு மருந்துக்கடையில ஒரே ஒரு வேளைக்குக் குடுத்தாம். புண்ணு தானா ஆறிப் போச்சு. இப்ப சும்மா பாத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

"புண்ணு ஆறும். மருந்து திங்காட்டாலும் ஆறும். அது அந்தச் சீக்கோட குணம். புண்ணு போச்சுன்னா சீக்கு உள்ள போயிருக்குன்னு அர்த்தம். அந்த ஒரு வேள மாத்திர முன்ன கேட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப பல எடத்துல கிருமி அதுக்குப் பழகிப் போச்சு. நம்ப முடியாது."

"வேற மாத்திரையே கெடையாதா?"

"இருக்கு. ரெண்டு வாரம், காலைலயும் ராத்திரியும். ஒரு வேள தப்பக் கூடாது. உங்களுக்கு ஊசி ஒத்துக்காதுன்னா அதத்தான் குடுப்பேன், அதுவும் கேக்கும். ஆனா ஊசின்னா நான் போட்டது எனக்குத் தெரியும். மாத்திரன்னா நீங்க முழுங்குனது உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

அண்ணாச்சி ஊசி போட்டுக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவனிடம் ரகசியமாக, "பொம்பளச் சீக்குக்கு இவ்வளவு பாடு" என்றார். டாக்டர் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணாச்சி, பொம்பளச் சீக்குன்னு சொல்லாதீங்க. உங்க வீட்டுக்கு இத யாரு கொண்டு போயிருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வரணும்."

அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் வரவில்லை. மனைவியும் வரவில்லை. நான் போன் செய்தபோது எடுக்கவில்லை. இந்த மாதிரி எத்தனையோ பேரை அவர் பேச்சால் இழந்திருக்கிறோம். அவர் வெட்டிப் போடுவார். நான் அள்ளிச் சேர்க்கப் பார்ப்பேன்.

"கொஞ்சம் பையச் சொல்லலாம்லா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பையச் சொன்னா சீக்கு சின்னதாயிருமா?" என்றார்.

ஒரு சமயம் அந்த ஊசியே கிடைக்காமல் போயிற்று. எங்கள் மருந்துக் கிடங்கில் இல்லை, பக்கத்து மாவட்டத்திலும் இல்லை. டாக்டர் டவுண் பஸ் ஏறி மொத்த மருந்துக் கடைகளுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒரு கடைக்காரர் சிரித்தார்.

"அது மலிவான ஊசிலா டாக்டர். எங்களுக்கும் லாபம் ஒண்ணும் நிக்காது, செய்யுதவனுக்கும் ஒண்ணும் நிக்காது. அதான் யாரும் செய்ய மாட்டேங்காம். வெலை கூடுன ஊசி வேற எது வேணும்னாலும் தாரேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் சொன்னார். "ஆம்பளைக்கு மாத்திரையக் குடுத்துச் சமாளிச்சிரலாம். வயித்துல புள்ளையோட வருதவளுக்கு என்ன செய்ய? தாய்க்கும் புள்ளைக்கும் சேத்துக் கேக்குதது இது ஒண்ணுதான்." அந்த வாரம் அவர் யார் யாரிடமோ போனில் சண்டை போட்டுக் கொஞ்சம் வரவழைத்தார். வந்ததைக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று தனியே எடுத்து வைத்தார்.

அந்த ஊசி கையில் இருந்தும் போட முடியாமல் போனதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. ஐந்து மாதக் கர்ப்பம். புருஷன் பம்பாயில் உறவுக்காரர் கடையில் வேலை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மேகநோய் தெரிந்து, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கூட மாமியார் வந்திருந்தாள். அந்த அம்மாவுக்கு அங்கேயே ஜாடைமாடையாகச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பெண்ணை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாமியார் மட்டும் உள்ளே வந்தாள்.

"தாயி, ஊசியப் போட்டு விடுங்க. ஆனா அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். சத்து ஊசின்னு சொல்லிருங்க. சின்னப் புள்ள. தெரிஞ்சா எங்க குடும்பம் நாறிப் போவும்."

"யாரு உடம்புல போடுதேனோ அவகிட்ட சொல்லாமப் போட மாட்டேன்" என்றார் டாக்டர்.

"நான் மாமியா சொல்லுதேன்லா?"

"ஊசி உங்களுக்கா போடுதேன்? வெளிய இருங்க."

நான் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனேன். பெண் உள்ளே போனாள். கதவு முழுதும் சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்த நோயின் பேர் இது, இது புருஷன் பெண்டாட்டி சேர்க்கையில் வருவது, ஊசி போட்டால் உனக்கும் குணமாகும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை, போடாவிட்டால் பிள்ளை செத்துப் பிறக்கலாம் அல்லது நோயோடு பிறக்கலாம்.

"எனக்கு எங்கன இருந்து வந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

"நீ வேற யாருகூடயும் இருந்ததில்லன்னா, உன் புருஷன்கிட்ட இருந்து."

அவள் எழுந்து, டாக்டர் மருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து, பெஞ்சில் இருந்த மாமியார் முன்னால் நின்றாள். "அத்தை, உங்க மவன் எனக்கு என்னத்தக் குடுத்திருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியார் அவளை அறைந்தாள். "எம் மவன் அப்பிடிப்பட்டவன் இல்ல. நீ எங்கன போயிட்டு வந்தியோ" என்றாள். நான் குறுக்கே விழுந்தேன். டாக்டர் ஊசிக் குழாயோடு வாசலுக்கு வந்து, "சண்டைய அப்புறம் போடுங்க, மொதல்ல இதப் போட்டுட்டுப் போ பிள்ள" என்றார். அதற்குள் மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அவளும் திமிறவில்லை. நான் வாசல் வரை ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் கூட்டம். அவர்கள் எதில் ஏறினார்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு பலமுறை போன் செய்தேன். கிராம நர்ஸ் இருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். மருமகளை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். தாய்வீட்டில், வைத்தியம் பார்த்தாயிற்று, இனி யாரும் வர வேண்டாம் என்றார்கள். பார்த்தது நிஜம்தான். பக்கத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் பென்சிலினைத் தொட மாட்டார். யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் தன் சின்ன கிளினிக்கில் என்ன செய்ய முடியும் என்ற பயம் அவருக்கு. அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் டாக்டருக்கும் அந்தப் பயம் தெரியும். அவர் ஒரு வேளை மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த நோயால் அவள் உடம்பில் வந்திருந்த தடிப்பெல்லாம் மறைந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. பிரசவத்தில் சிக்கல் என்று கடைசி நேரத்தில் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தும் யாரையும் கூப்பிடவில்லை.

"ஆம்பளப் புள்ள. மூக்கடைச்சுக்கிட்டு அழுவுது. உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் தோலு உரியுது. வயிறு வீங்கியிருக்கு" என்றார். "பென்சிலின் ஏத்திக்கிட்டு இருக்காங்க. நேரம் கடந்து போச்சு."

அந்த வாரம் முடியும் முன் பிள்ளை போய்விட்டது.

மாமியார் வீட்டுச் சார்பில் யாரோ மனு எழுதிப் போட்டிருந்தார்கள், டாக்டர் குடும்பத்தைப் பிரித்துவிட்டார் என்று. பெரிய அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். அவர் நல்ல மனிதர். "சத்து ஊசின்னே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். டாக்டர் எழுந்து வந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஒரு பொய்யில் என்ன போயிற்று என்று பல நாள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். அவளாகவே வழி தேடி வந்து டாக்டர் எதிரே உட்கார்ந்தாள். மெலிந்து போயிருந்தாள். டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"நான் மாத்திர சாப்பிட்டேன்லா. எனக்குச் சரியாயிட்டே. அவனுக்கு மட்டும் ஏன் அப்பிடி ஆச்சு?" என்று கேட்டாள்.

"அந்த மாத்திர உன் ரத்தத்தோட நின்னுரும். நஞ்சுக்கொடியத் தாண்டிப் புள்ளைக்குச் சரியாப் போய்ச் சேராது. உனக்கே முழுசாக் கேட்டிருக்கும்னு சொல்ல முடியாது. ஊசி மட்டுந்தான் ரெண்டு பேருக்கும் போவும்."

"அன்னைக்கு ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பானா?"

இதற்கு மட்டுமாவது வேறு மாதிரிச் சொல்லுங்கள் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். கடவுள் சித்தம், உன் தலையெழுத்து, சொல்ல முடியாதம்மா, எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன.

"பெரும்பாலும் பொழச்சிருப்பான்" என்றார் டாக்டர்.

"சத்து ஊசின்னு சொல்லிப் போட்டிருக்கலாம்லா?"

"போட்டிருக்கலாம்."

"ஏன் போடல?"

"உன் உடம்பு உனக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இப்பவும் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கணும்னு என் வாயில வரல. ஆனா ஒண்ணு. புள்ளைக்கு ஆபத்துன்னு மட்டும் சொல்லி உன் சம்மதத்த வாங்கி, ஊசியப் போட்டு, அரை மணி நேரம் உக்கார வச்சு, அதுக்குப் பொறவு மிச்சத்தச் சொல்லியிருக்கலாம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டுனேன். அது என் தப்பு."

அந்தப் பெண் அழவில்லை. டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். இல்லை, கத்துவாள் என்று நினைத்தேன். வெளியே யாரோ நோயாளியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"எங்க ஊர்ல எல்லாரும் என்கிட்ட ஒவ்வொண்ணு சொல்லுதாங்க" என்றாள். "சாமி குத்தம்ங்காங்க. நான் குப்புறப் படுத்ததாலங்காங்க. எங்க அம்மையும் அப்பிடித்தான் சொல்லுதா." பிறகு கேட்டாள். "எனக்கு இன்னும் அந்தச் சீக்கு இருக்குமா?"

"இருக்கலாம்."

"அப்பம் ஊசியப் போடுங்க."

அவளே எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். டாக்டர் மருந்தைக் கலக்கினார். அன்று ஊசி அடைக்கவில்லை. பிறகு அரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான், குரலைக் கேட்கத்தான் இந்த உட்கார்வு என்று தெரிந்தவள் மாதிரி, அவ்வப்போது ஏதோ சொன்னாள். இந்த வருஷம் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் தாமதம் என்றாள். அப்பாவுக்கு மூட்டு வலி என்றாள்.

அதன் பிறகு டாக்டர் தன் முறையை மாற்றிக்கொண்டார். கர்ப்பிணிகள் வந்தால், "உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. வயித்துப் புள்ளைக்குப் போகாம இருக்க இந்த ஊசி. அது என்ன கிருமி, எப்பிடி வருதுன்னு இப்பமே சொல்லவா, ஊசிக்குப் பொறவு சொல்லவா?" என்று கேட்பார். பொறவு என்று சொன்னவர்கள்தான் அதிகம். பொறவும் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்களிடம் அன்று சொல்ல மாட்டார். அடுத்த முறை வரும்போது மறுபடியும் கேட்பார். எத்தனை முறை வந்தாலும் கேட்பார். சத்து ஊசி என்ற வார்த்தை மட்டும் கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அந்தப் பெண் புருஷனையும் பம்பாயிலிருந்து வரவழைத்துக் கூட்டி வந்தாள். எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து பார்க்காமல் ஊசி போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் பாளையங்கோட்டைப் பக்கம் தனியே வீடு பிடித்துப் போனார்கள். அவள் அவனோடு பேசி நான் பார்த்ததில்லை. பரிசோதனைக்கு மட்டும் இருவரும் தவறாமல் வந்தார்கள், பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

டாக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகு அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். தாய், பிள்ளை இருவர் ரத்தமும் பார்த்தோம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"ரத்தம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு டாக்டர். ஒண்ணுமில்ல."

"மறுபடியும் ஒரு தடவ பாக்கணும். ஞாபகமா வரச் சொல்லு" என்றார். பிறகு அவரே கேட்டார்.

"அந்த மொதப் புள்ளைக்குப் பேரு ஏதும் இருந்துச்சா? வார்டு அட்டையில தாய் பேரு போட்டு, அவ குழந்தன்னுதான் எழுதியிருந்துச்சு."

"தெரியாது டாக்டர்."

"கேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல" என்றார். அவர் எதையும் தயங்கிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவளுக்குச் சொல்லணும்னு இருந்தா மட்டும் கேளு. இல்லன்னா வேண்டாம்."

அடுத்த முறை அவள் வந்தபோது, டாக்டர் கேட்கச் சொன்னார் என்று சொல்லித்தான் கேட்டேன். அவள் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வச்சிருந்தேன் அக்கா. வயித்துல இருக்கும்போதே வச்சுட்டேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல" என்றாள். பிறகு பேரைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அந்தப் பேரை ஒருமுறை, சரியாகக் கேட்டோமா என்று பார்க்கிறவர் மாதிரி, மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.